டேப் சுத்தினா நிக்காது: பைக் பெட்ரோல் டியூப் லீக் ஆனா என்ன செய்யணும்?

போன கார்த்திகை தீபத்துக்கு நான் ஊர்ல இருந்தேன். ஸ்டடி லீவு. படிக்கிறதைத் தவிர எல்லா வேலையும் செய்யத் தோணுமே, அந்த நேரம். அப்பாவோட 2009 மாடல் பைக்கை எடுக்கப் போனா, பெட்ரோல் வாசனை. குனிஞ்சு பார்த்தேன். டேங்க்ல இருந்து கார்புரேட்டருக்கு வர்ற ரப்பர் டியூப்ல, கீழ் முனைக்குக் கொஞ்சம் மேல ஒரு வெடிப்பு. சொட்டுச் சொட்டா ஒழுகுது.

நான் மெக்கானிக்கல், அதுவும் ஃபைனல் இயர். சும்மா விட முடியுமா? பஞ்சர் ஒட்டுற சொல்யூஷனைத் தடவி, ஒரு ரப்பர் துண்டை ஒட்டி, மேல இன்சுலேஷன் டேப்பை அஞ்சு சுத்து சுத்தினேன். சொட்டுறது நின்னுச்சு. போர்ட்டிகோவுல வண்டியை நிறுத்திட்டு உள்ளே போயிட்டேன்.

சாயங்காலம் அம்மா அகல் விளக்குத் தட்டோட வெளியே வந்தாங்க. முதல் விளக்கை வைக்கப் போன இடம் பைக்ல இருந்து நாலடி தூரம்கூட இருக்காது. அந்த நேரம் பார்த்து, தெருமுனையில ஒர்க்‌ஷாப் வச்சிருக்கிற அண்ணன் எங்க வாசலைத் தாண்டிப் போனார். "அக்கா, விளக்கைக் கீழ வைக்காதீங்க! உள்ளே கொண்டு போங்க!" அவர் போட்ட சத்தத்துல அம்மா அப்படியே நின்னுட்டாங்க.

வண்டிக்கு அடியில உள்ளங்கை அளவுக்கு ஈரம். நான் சுத்தின டேப் வழவழன்னு கழண்டு தொங்குது. அண்ணன் பெட்ரோல் காக்கை மூடி, வண்டியைத் தெருவுக்குத் தள்ளிட்டு வந்து என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, காலேஜ்ல என்ன படிக்கிற?"

"மெக்கானிக்கல்ணா."

அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லலை. சொல்லியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில அவரே டியூப் மாத்தக் கத்துக் கொடுத்தார். அவர் கையில பார்த்ததையும், ரெண்டாவது வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நாம பாஸ் பண்றதுக்காக மட்டும் படிச்சதையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன். நம்ம ஹாஸ்டல் ஸ்டாண்டுல பாதி வண்டி அண்ணன்கிட்ட இருந்தும் மாமாகிட்ட இருந்தும் வந்த பழைய வண்டிதான். அதனால இது உங்களுக்கும் தேவைப்படும்.

பயப்பட வேண்டியது சொட்டுக்கு இல்லை, ஆவிக்கு

பெட்ரோல் திரவமா எரியறதில்லை. அதோட ஆவிதான் காத்தோட கலந்து எரியுது. பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அதாவது நம்ம ஊர்ல எந்த மாசமா இருந்தாலும், எந்த நேரமா இருந்தாலும், வெளியே வந்த பெட்ரோல் தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியைக் கொடுத்துக்கிட்டேதான் இருக்கும்.

அந்த ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனமானது. அதனால மேல கிளம்பிப் போகாம, தரையோட தவழ்ந்து பள்ளமான இடத்துல தேங்கும். போர்ட்டிகோ, பேஸ்மென்ட் பார்க்கிங், படிக்கட்டுக்கு அடியில இருக்கிற இடம் எல்லாம் அதுக்கு வசதி. தரையில வைக்கிற அகல் விளக்கு சரியா அந்த உயரத்துலதான் இருக்கு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு மில்லி பெட்ரோல் முழுசா ஆவியானா ஏறக்குறைய 200 மில்லி ஆவி கிடைக்கும். காத்துல சுமார் 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே பத்திக்கும். அப்படின்னா ஒரு மில்லி பெட்ரோல் சுமார் 14 லிட்டர் காத்தைப் பத்திக்கிற கலவையா மாத்த முடியும். ஒன்றரை மில்லி போதும், நம்ம ரூம்ல இருக்கிற 20 லிட்டர் தண்ணி கேன் அளவுக்கு ஆயிடும். எங்க வீட்டு வாசல்ல கிடந்தது ஒன்றரை மில்லி இல்லை.

முதல் கேள்வி: உங்க வண்டி எந்த வகை?

வீட்டுல செய்யலாமா, கூடாதான்னு முடிவு பண்ற கேள்வி இதுதான். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்.

டேங்குக்கு அடியில ஆன், ரிசர்வ், ஆஃப்னு திருப்புற பெட்ரோல் காக் இருந்தா, அது பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டி. சாவியைத் திருப்பினதும் ரெண்டு மூணு செகண்ட் "ஙீ"ன்னு ஒரு பம்ப் சத்தம் கேட்டு அடங்கினா, அது ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 வந்த பிறகு, புதுசா வர்ற பெட்ரோல் டூவீலர்கள் கிட்டத்தட்ட எல்லாமே இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு.

கார்புரேட்டர் பைக்ல பம்ப் கிடையாது. டேங்க் மேல இருக்கு, கார்புரேட்டர் கீழ இருக்கு, புவியீர்ப்பு மீதியைப் பார்த்துக்கும். உயர வித்தியாசம் 30 செ.மீ.ன்னு வச்சுக்கோங்க. ரோ ஜி ஹெச் போட்டா அழுத்தம் சுமார் 2200 பாஸ்கல், அதாவது 0.02 பார்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியில டேங்குக்குள்ளேயே பம்ப் இருக்கும். லைன்ல அழுத்தம் வழக்கமா 3 பார் வாக்குல இருக்கும். கிட்டத்தட்ட 140 மடங்கு.

இப்ப ரெண்டு டியூப்லயும் ஒரே மாதிரி ஓட்டை விழுந்தா? பெர்னூலியைக் கூப்பிடுங்க. கார்புரேட்டர் டியூப்ல இருந்து பெட்ரோல் செகண்டுக்கு சுமார் 2.4 மீட்டர் வேகத்துல வரும், ஒழுகுறது மாதிரி. 3 பார் லைன்ல இருந்து செகண்டுக்கு 28 மீட்டர் வேகத்துல வரும். அது மணிக்கு 100 கி.மீ. வெளியே வரும்போதே பொடிப் பொடியா உடைஞ்சு ஸ்ப்ரே ஆகும். ஸ்ப்ரே ஆனா சீக்கிரம் ஆவியாகும். பக்கத்துலயே சூடான சைலன்ஸர் இருக்கு, ஸ்பார்க் பிளக் வயர் இருக்கு.

அதனால நம்ம விதி இதுதான்: புவியீர்ப்புல ஓடுற டியூபை நாம மாத்தலாம். பம்ப் தள்ளுற லைன்ல நாம கை வைக்கக் கூடாது.

ஒட்டு ஏன் நிக்கிறதில்லை?

நான் செஞ்ச தப்பையே எடுத்துப்போம். பஞ்சர் சொல்யூஷன்னா ஒரு கரைப்பான்ல கரைச்ச ரப்பர்தான். பெட்ரோலும் ரப்பரைக் கரைக்கிற ஜாதி. அதனால ஒட்டினது ஊறிக் கழண்டு வந்துடும். இன்சுலேஷன் டேப்போட பசையும் அப்படித்தான், கொஞ்ச நேரத்துல வழவழன்னு ஆயிடும்.

எபாக்ஸி புட்டி காய்ஞ்சதும் கல்லு மாதிரி ஆகும். ஆனா டியூப் வளையும், இன்ஜின் அதிரும். வளையிற ஒண்ணு மேல வளையாத ஒண்ணை ஒட்டினா நடுவுல பிளவு விடும். அதுவும் பெட்ரோல் ஊறின ரப்பர் மேல எபாக்ஸி சரியாப் பிடிக்காது. சூப்பர் க்ளூவுக்கும் இதே கதை.

இன்னொரு ஆபத்து, மீன் தொட்டிக்குப் போடுற கண்ணாடி மாதிரியான பி.வி.சி. டியூப். பார்க்க அழகா இருக்கும், உள்ளே பெட்ரோல் ஓடுறதும் தெரியும். ஆனா அதை மெத்துன்னு வச்சிருக்கிற பிளாஸ்டிசைஸரைப் பெட்ரோல் உறிஞ்சிடும். சில வாரத்துல மஞ்சளாகி, விறைச்சு, முனையில பிடிமானம் போயிடும்.

இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு இடத்துல வெடிச்ச டியூப், மத்த இடத்துலயும் அதே வயசுதான். சூட்டுல காய்ஞ்சு, ஓசோன்ல மேல்தோல் கீறி, முழுசாவே விறைச்சிருக்கும். ஒரு ஓட்டையை அடைச்சா அடுத்தது பக்கத்துல ரெடியா இருக்கும். எலி கடிச்சது மட்டும் விதிவிலக்கு, நல்ல டியூப்லயும் அது நடக்கும். ஆனா அதுக்கும் மருந்து மாத்துறதுதான்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

ஒழுகுறது டியூப்தானான்னு உறுதி பண்ணிக்கோங்க. பனியன் வேஸ்டால எல்லாத்தையும் துடைச்சிட்டு, காக்கைத் திறந்து, மேல இருந்து கீழ பாருங்க. முதல்ல ஈரமாகிற இடம்தான் குற்றவாளி. கார்புரேட்டருக்கு அடியில தொங்குற ஓவர்ஃப்ளோ டியூப்ல இருந்து பெட்ரோல் வந்தா அது வேற பிரச்சனை: உள்ளே ஃப்ளோட் வால்வு சரியா மூடலை. நீங்க எத்தனை டியூப் மாத்தினாலும் அது நிக்காது.

கடையில "பெட்ரோல் டியூப்"னு சும்மா கேட்காம, உங்க மாடலைச் சொல்லி ஒரிஜினல் ஸ்பேரா கேளுங்க. மீட்டர் கணக்குல வாங்கினா டியூப் மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7ன்னு இருந்தா கார்புரேட்டர் மாதிரி குறைஞ்ச அழுத்தத்துக்கு. ஆர்9னு இருந்தா இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் தாங்கும், எத்தனாலுக்கும் நல்லா ஈடு கொடுக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு ரெண்டும் சரி, ரெண்டாவது இன்னும் நல்லது.

எத்தனால் பத்தி ஏன் பேசறேன்னா, இப்ப பங்குகள்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய வண்டிகளோட ரப்பர் பாகங்கள் இதை மனசுல வச்சு செஞ்சது இல்லை. சில வகை ரப்பர் ஊதி மெத்துன்னு ஆகலாம். வண்டியை மாசக்கணக்குல ஓட்டாம வச்சா அதே ரப்பர் காய்ஞ்சு சுருங்கி வெடிக்கலாம்.

அளவு உள்விட்டத்துல சொல்லணும், வெளிவிட்டத்துல இல்லை. பழைய டியூபைக் கழட்டின பிறகு அதுல ஒரு துண்டை வெட்டிக் காயவச்சு எடுத்துட்டுப் போறது நல்லது. ஒரு மி.மீ. பெரிசா வாங்கி "கிளிப்பை டைட் பண்ணிக்கலாம்"னு நினைக்காதீங்க. கூடவே ரெண்டு புது கிளிப்பும் வாங்குங்க. எனக்கு டியூபும் கிளிப்பும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகலை.

இடமும் நேரமும்

பகல்ல, வெட்டவெளியில செய்யுங்க. இன்ஜின் ஆறி ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கணும். பக்கத்துல விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. சமையலறை ஜன்னலுக்குக் கீழ உட்காராதீங்க. சாவியை எடுத்துட்டு, பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடுங்க. போனை வீட்டுக்குள்ள வச்சிடுங்க, ரீல்ஸ் அப்புறம் எடுத்துக்கலாம்.

கையெட்டுற தூரத்துல ட்ரை பவுடர் தீயணைப்பான் இருந்தா நல்லது. இல்லைன்னா ஒரு பக்கெட் மணலாவது இருக்கட்டும். தண்ணி வேண்டாம். பெட்ரோல் தண்ணி மேல மிதக்கும், ஊத்தினா தீயைப் பரப்பி விடும். தனியாவும் செய்யாதீங்க, ஒரு ஆள் கூட இருக்கட்டும்.

மாத்துற முறை

1. காக்கை ஆஃப்ல வைங்க. கீழ ஒரு உலோகத் தட்டு வைங்க. டியூபுக்குள்ள இருக்கிற கொஞ்சம் பெட்ரோல் எப்படியும் வரும்.

2. நோஸ் பிளையரால கிளிப்போட ரெண்டு காதையும் அமுக்கி, டியூபோட நடுப் பக்கமா நகர்த்துங்க. அப்புறம் கார்புரேட்டர் பக்க முனையை முதல்ல திருகி விடுங்க, நேரா இழுக்காதீங்க. பழைய டியூப் ஒட்டிக்கிட்டு இருக்கும். வேகமா இழுத்தா காக்கோட மூக்கு உடையலாம், அப்புறம் செலவு நூறு ரூபாயில நிக்காது. ரொம்ப அடம் பிடிச்சா டியூபை நீளவாக்குல பிளேடால லேசாக் கீறி உரிங்க. உள்ளே இருக்கிற உலோகத்துல கீறல் விழக் கூடாது.

3. இப்ப காக்கைக் கவனிங்க. ஆஃப்ல இருந்தும் சொட்டுதா? பழைய வண்டியில உள்ளே இருக்கிற வாஷர் தேய்ஞ்சிருக்கும். அப்படின்னா டேங்கைக் காலி பண்ணித்தான் வேலை செய்யணும். அந்த இடத்துல நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. வாய் வச்சு உறிஞ்சிப் பெட்ரோல் எடுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு துளி நுரையீரலுக்குப் போனாலும் ஆஸ்பத்திரிதான்.

4. புது டியூபைப் பழைய நீளத்துக்கே, கூர்மையான பிளேடால நேரா வெட்டுங்க. கட்டிங் பிளையரால நசுக்கி வெட்டினா முனை சரியா உட்காராது.

5. முதல்ல கிளிப்பை டியூப்ல கோர்த்துக்கோங்க. ரெண்டு முனையையும் மாட்டின பிறகு கையில கிளிப்பை வச்சுக்கிட்டு முழிச்ச ஆள் நான். மூக்குல ஒரு சின்ன மேடு இருக்கும். டியூப் அந்த மேட்டைத் தாண்டிப் போகணும், கிளிப் மேட்டுக்குப் பின்னாடி உட்காரணும். மேடு மேலயே கிளிப் போட்டா அதிர்வுல வழுக்கிடும். உள்ளே போகலைன்னா ஒரு துளி பெட்ரோல் தடவினாப் போதும். கிரீஸ், தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

6. ஸ்க்ரூ வச்ச கிளிப் போட்டா, இருக்கிற பலத்தையெல்லாம் காட்டாதீங்க. அதோட பட்டை ரப்பரை வெட்டிடும். கார்புரேட்டர் டியூபுக்கு ஸ்பிரிங் கிளிப்பே போதும்.

7. டியூப் போற பாதையைப் பாருங்க. மடிப்பு விழக் கூடாது, இன்ஜின் ஃபின்னையோ சைலன்ஸரையோ தொடக் கூடாது. மேல இருந்து கீழ வரைக்கும் இறக்கமாவே போகணும். நடுவுல மேடு இருந்தா காத்து அடைச்சு, வண்டி நடு ரோட்டுல இருமும்.

டெஸ்ட் பண்ணாம ஸ்டார்ட் பண்ணாதீங்க

இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும். காக்கை ஆன் பண்ணி, அடியில ஒரு நியூஸ் பேப்பரை விரிச்சுட்டுப் பத்து நிமிஷம் காத்திருங்க. ரெண்டு முனையையும் காய்ஞ்ச டிஷ்யூவால துடைச்சுப் பாருங்க. ஈரமே இல்லைன்னா, கீழ சிந்தினது எல்லாம் காய்ஞ்சு வாசனை போனதுக்கு அப்புறம் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் ஐடிலிங்ல விட்டு, ஆஃப் பண்ணி, மறுபடி பாருங்க. மறுநாள் காலையில இன்னொரு தடவை பாருங்க.

தட்டுல இருக்கிற பெட்ரோலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, சுத்தமா இருந்தா வடிகட்டி டேங்குக்கே விடுங்க. பெட்ரோல் நனைஞ்ச துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில போடாம, வெளியே விரிச்சுக் காயவைங்க.

நடு ரோட்டுல லீக் ஆனா?

ஓரமா நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, காக்கை மூடுங்க. வெடிப்பு முனைக்குப் பக்கத்துல இருந்து, டியூப்ல கொஞ்சம் நீளம் மிச்சமும் இருந்தா, இன்ஜின் நல்லா ஆறினதும் அந்த ஒரு அங்குலத்தை வெட்டிட்டு மறுபடி மாட்டலாம். ஒட்டுறதை விட இது எவ்வளவோ மேல். ஆனா இது மெக்கானிக் கடை வரைக்கும்தான். வெடிப்பு நடுவுல இருந்தா தள்ளிக்கிட்டுப் போங்க. "ரெண்டு கிலோமீட்டர்தானே"ன்னு ஓட்டாதீங்க.

இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரங்களுக்கு

வாசனை வந்தா சாவியை ஆஃப் பண்ணுங்க. "எங்கே லீக்னு பார்ப்போம்"னு இன்னொரு தடவை சாவி போடாதீங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பம்ப் புதுசா அழுத்தம் ஏத்தும். ஆஃப் பண்ணின பிறகும் லைன்ல கொஞ்ச நேரம் அழுத்தம் மிச்சம் இருக்கும், அதனால கழட்டிப் பார்க்கவும் வேண்டாம். அந்த லைன்கள் பலதும் நைலான், முனையில குவிக் கனெக்டர். அதை வெட்டி ஒட்டக் கூடாது, முழு செட்டாத்தான் மாத்தணும். வண்டியைத் திறந்த இடத்துக்குத் தள்ளி நிறுத்திட்டு, இன்ஜெக்‌ஷன் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. கார்ல எலி கடிச்சாலும் இதேதான்.

வீட்டுல டீசல் கார் இருந்தா இன்னும் ஒண்ணு. காமன் ரெயில் சிஸ்டத்துல அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்த லீக்கைக் கையால தடவித் தேடினா, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீச்சு தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். பார்க்க ஊசி குத்தின மாதிரிதான் இருக்கும், ஆனா உடனே ஆபரேஷன் தேவைப்படுற காயம் அது. இன்ஜின் ஓடும்போது கிட்டயே போகாதீங்க.

கடைசியா

நாளைக்குக் காலையில வண்டி எடுக்கும்போது ரெண்டு நிமிஷம் குனிஞ்சு அந்த டியூபை விரலால அமுக்கிப் பாருங்க. மெத்துன்னு அமுங்கித் திரும்பி வந்தா நல்லா இருக்கு. கல்லு மாதிரி இருந்தாலோ, வளைச்சா சின்னச் சின்னக் கீறல் தெரிஞ்சாலோ, ஊதிப் போயிருந்தாலோ, ஒழுகுற வரைக்கும் காத்திருக்காதீங்க.

எங்க அண்ணன் டியூப் மாத்திக் காட்டின அன்னைக்கு, நான் சுத்தின டேப்பைப் பிரிச்சு என் கையிலயே கொடுத்தார். "தெரியாம செஞ்சது தப்பில்லை தம்பி. சொட்டு நின்னதும் சரியாயிடுச்சுன்னு நினைச்ச பாரு, அதுதான் தப்பு"ன்னார். நாலு வருஷ லேப்ல ரீடிங் வந்ததும் அப்செர்வேஷனை மூடிட்டு வந்த எனக்கு, அது டியூபுக்கு மட்டும் சொன்ன மாதிரி தெரியலை.

அம்மா இப்பவும் வாசல்ல விளக்கு வைக்கிறாங்க. வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மூச்சை இழுத்து மோந்து பார்க்கிறாங்க. வண்டியை நான் தெருப் பக்கமாத்தான் நிறுத்தறேன்.